ஹீட்டர் காக்கா

கட்டாரிலோ சவூதியிலோ வருசக்கணக்கில் உழைத்துவிட்டு வந்து இலங்கையின் ஓட்டமாவடியில் வீடு கட்டும் காக்காவுக்குக் (அண்ணனுக்குக்) குளியலறையில் ஹீட்டர் இல்லாவிட்டால் வெளிநாடு போனதே வீண். மார்கழி மழையிலும் வெப்பம் 23 பாகைக்குக் கீழே இலேசில் இறங்காத ஊர் இது. வெயில் காலத்தில் அஸர் நேரம் குழாயைத் திறந்தால், கூரைத் தாங்கித் தண்ணீரே தோலைச் சுடும். ஆனாலும் காக்கா ஹீட்டரை 75 பாகையில் வைத்து இராப்பகலாய் எரியவிடுவார். குளிக்கும்போது பச்சைத்தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் திறப்பார். வேடிக்கை என்னவென்றால், வளைகுடாவில் கோடை வந்தால் இதே காக்கா ஹீட்டரை அணைத்துவிடுவார். அங்கே மொட்டைமாடித் தாங்கி கொதிக்கும். அறைக்குள் அணைந்து கிடக்கும் ஹீட்டரில் தண்ணீர் ஆறியிருக்கும். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திருக வேண்டும். அணைந்த ஹீட்டரின் அருமை அவரளவுக்குத் தெரிந்தவர் ஊரில் இல்லை. அந்தப் படிப்பை மட்டும் பெட்டியில் கட்டாமல் வந்துவிடுகிறார்.

கரண்ட் பில் வந்ததும் "சாமான் சரியில்ல" என்று புது ஹீட்டர் விலை விசாரிப்பார். சாமான்மீது பிழையில்லை. எந்தக் கம்பெனி ஹீட்டரும் இழுக்கும் மின்சாரத்தை அநேகமாக முழுவதும் சூடாகவே மாற்றுகிறது. நட்டம் அதற்குப் பிறகு, ஹீட்டர்த் தாங்கியின் சுவர் வழியே சூடு கசிவதில்தான். 28 பாகைத் தண்ணீர் 20 லீற்றரை 40 பாகைக்குக் கொண்டுவர ஓர் அலகு மின்சாரத்தில் மூன்றிலொரு பங்குகூட வேண்டாம். 30 லீற்றர்த் தாங்கியை 75 பாகைக்கு ஏற்ற ஒன்றரை அலகுக்கு மேல் வேண்டும். பச்சைத்தண்ணீர் கலப்பதால் நட்டமில்லை. குளித்து முடிந்தும் மிஞ்சிய சூட்டை நாள் முழுக்கக் காவல் காப்பதுதான் நட்டம். 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறிக் கண்ட நாட்டில் இந்தக் காவல் மலிவான வேலையல்ல.

"அணைச்சி அணைச்சிப் போட்டாத்தான் கூட இழுக்கும்" என்பது காக்காவின் அசையாத நம்பிக்கை. கணக்கு மறுபக்கம் நிற்கிறது: தண்ணீருக்கும் அறைக்கும் வெப்ப வித்தியாசம் குறையக் குறையக் கசிவும் குறையும். ஆறிய தாங்கி எதை இழக்கும்? கிருமி வளருமே என்பது நியாயமான கேள்வி. லீஜியொனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் பெருகும், 60இல் சாகும். ஆகவே திருகியை 45க்கு இறக்கச் சொல்லவில்லை. 60இல் வையுங்கள், மிச்சப்படுவது சுவிட்சில். பிள்ளை பெற்ற மகளுக்கும் மூட்டுவலி உம்மாவுக்கும் வேண்டுமே என்றால், தாராளமாக. அவர்களும் இராப்பகலாய்க் குளிப்பதில்லை. சூரியத் தகடு பூட்டலாமே என்பாருக்கு, கூரையிலுள்ள கறுப்புத் தாங்கி அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

தண்ணீர் 60ஐ எட்டும்படி குளிக்க முன்னரே போடுங்கள் காக்கா, குளித்ததும் அணையுங்கள். புது ஹீட்டர் வேண்டாம்.