அண்ணி வீட்டு வேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கைபேசியில் மளிகை வாங்க ஆரம்பித்ததும் மாதச் செலவு இறங்கிவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதாக எழுதியிருந்தாய். லண்டனில் எல்லாரும் அப்படித்தானா என்றும் கேட்டிருந்தாய். எல்லாரும் இல்லை. பிரிட்டனில் மளிகைக்காகச் செலவாகும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் கொரோனாவுக்கு முன்பு ஏழெட்டுப் பவுண்டுதான் ஆன்லைனில் போனது. ஊரடங்கு நேரத்தில், 2021 தொடக்கத்தில், அது 15 வரைக்கும் ஏறியது. அப்புறம் இறங்கி 12 பக்கமாக நின்றது. மற்றவர்கள் இன்னும் டிராலியைத் தள்ளிக்கொண்டு, வெண்ணெய்ப்பழத்தை அமுக்கிப் பார்த்து, கடைக்காரப் பெண்ணிடம் முறைப்பு வாங்கித்தான் வீடு திரும்புகிறார்கள்.

ஈஸ்ட் ஹாமில் அண்ணன் வீடு அந்தப் பன்னிரண்டில் பாதி, மிச்சத்தில் பாதி. அண்ணி கடை வேனை வாசலுக்கு வரவழைக்கும் வேன் கட்சி. அண்ணன் நேரில் கடைக்குப் போகும் நடைக் கட்சி. இரு தரப்பும் ரசீதுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில் தொலைக்காட்சி தேவைப்படுவதில்லை.

முதலில் விலை. ஆன்லைனில் மலிவு என்பது பெரும்பாலும் நம் நினைப்புதான். ஆல்பர்ட்டோ கவாயோ என்ற பொருளாதார அறிஞர் 10 நாடுகளில் 56 பெரிய நிறுவனங்களின் கடை விலையையும் இணைய விலையையும் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார். நூற்றுக்கு 72 முறை இரண்டும் ஒன்றேதான். ஆக, மிச்சமாவதும் கரைவதும் விலைச்சீட்டுக்கு வெளியே நடக்கிற சங்கதி.

அண்ணியின் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. கடைக்குப் போனால் இரண்டு பிள்ளைகளும் கூட வரும். பிள்ளைகள் வந்தால் பிஸ்கட் வரிசை வரும். சோபாவில் உட்கார்ந்து வாங்கினால் கூடையின் மொத்தத் தொகை மூலையில் ஏறிக்கொண்டே தெரியும். ஏறினால் ஒன்றை எடுத்துவிடலாம். கல்லா முன்னால் பத்துப் பேர் பார்க்கச் சீஸைத் திருப்பிக் கொடுக்கும் சங்கடம் இல்லை. கிலோ என்ன விலை என்று பார்க்க அடித்தட்டுக்குக் குனிய வேண்டியதும் இல்லை. இதெல்லாம் உண்மை. அண்ணனே ஒப்புக்கொள்வார், சாப்பிட்ட பிறகு கேட்டால்.

ஆனால் கடைக்காரனும் சும்மா இருப்பானா? இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து பெரிய கடைகள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை வாசலிலும் கல்லா அருகிலும் அடுக்கக் கூடாது என்று சட்டம். இணையக் கடையின் முகப்புக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் அதே தடை உண்டு. அதனால் என்ன, சட்டம் தொடாத சரக்குக்குப் பஞ்சமா? பணம் கட்டப் போகும் நேரத்தில் “எதையாவது மறந்துவிட்டீர்களா?” என்று ஒரு பக்கம் திறக்கும், ஊருக்குக் கிளம்பும்போது நீ வாசல் வரை வந்து கேட்பாயே, அப்படி. உனக்கு அதில் லாபம் இல்லை, அவர்களுக்கு உண்டு. அண்ணி ஒவ்வொரு முறையும் எதையாவது மறந்துதான் இருப்பார்.

இந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1984 மே மாதம், வடக்கே கேட்ஸ்ஹெட் நகரில், ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது அம்மாள் நாற்காலியில் அமர்ந்தபடியே தொலைக்காட்சி ரிமோட்டை அமுக்கி டெஸ்கோ கடைக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் உருவாக்கிய ஏற்பாடு அது. நடமாட முடியாத முதியவர்களுக்காக உள்ளூர் நகராட்சி நடத்திய சோதனை. பட்டியலில் இருந்தது மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை. அவ்வளவுதான்.

அந்த மூன்றை மட்டும் இன்று வாங்க முடியாது. இல்லை, முடியும், அபராதத்தோடு. 2023 மே மாதம் அதே டெஸ்கோ வீட்டு டெலிவரிக்கான குறைந்தபட்சக் கூடையை 40 பவுண்டிலிருந்து 50 ஆக்கியது. ஒரு பென்னி குறைந்தாலும் 5 பவுண்டு கூடுதல். டெலிவரிக் கட்டணம் தனி. அது நேரத்தைப் பொறுத்து மாறும். எல்லாரும் வீட்டில் இருக்கும் வேளைக்கு அதிகம், யாரும் இல்லாத வேளைக்குக் குறைவு. உணவு விலை ஆண்டுக்கு 19 சதவீதம் ஏறி ஊரே அலறிய 2023ஆம் ஆண்டில்தான் இந்த 50 வந்தது. அண்ணியின் கூடை பெரும்பாலும் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கில் வந்து நிற்கும். தேவைப்பட்டதெல்லாம் உள்ளே போய்விட்டது, ஆறேழு பவுண்டு மட்டும் காலி. 5 பவுண்டு தண்டம் கட்டுவதா, ஆறேழு பவுண்டுக்கு எதையாவது வாங்குவதா? அந்த வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியிருக்கும் கழிப்பறைக் காகிதத்தைப் பார்த்தால் விடை தெரியும். அண்ணன் அதற்கு ‘சேமிப்புக் கிடங்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

அண்ணனின் சேமிப்பு வேறு ரகம். அன்றோடு தேதி முடியும் ரொட்டி, கோழி, தயிர் மேல் சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைப்பார்கள். அது நேரில் போகிறவனுக்கு மட்டும்தான். ஆப்பில் மஞ்சள் ஸ்டிக்கர் கிடையாது. இன்னொன்று, ‘விச்’ என்ற நுகர்வோர் அமைப்பு மாதாமாதம் கடைகளின் விலையை ஒப்பிடும்; சில ஆண்டுகளாக மலிவில் பெரும்பாலும் முதலில் வருவது ஆல்டி, ஒட்டினாற்போல் லிடில். இரண்டுமே டெஸ்கோ போலத் தங்கள் சொந்த வேனில் வாசலுக்கு வருகிற கடைகள் இல்லை. மலிவை நாம்தான் போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இந்த இடத்தில் அண்ணன் ஜெயித்துவிட்டார் என்று எழுதியிருப்பேன், ஆல்டியில் நடு வரிசை என்று ஒன்று இல்லாமலிருந்தால். மளிகைக்கு நடுவில் துளையிடும் கருவி, கூடாரம், காற்றடைத்த படகு என்று வாரம் ஒரு சரக்கு வரும். பாலில் முப்பது பென்னி மிச்சம் பிடிக்கப் போனவர் ஒருநாள் கூடாரத்தோடு வந்தார். தேம்ஸ் நதியைத் தவிர வேறு இயற்கையைப் பார்க்காத குடும்பம் அது.

மாற்றுப் பொருள் என்று ஒரு தமாஷும் உண்டு. கேட்டது இருப்பில் இல்லையென்றால் கடைக்காரர்களே வேறொன்றை வைத்து அனுப்புவார்கள். வேண்டாமென்றால் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைப் பெயர் எதற்கு, கொத்தமல்லிக்குப் பதில் பார்ஸ்லி வந்தது. பார்வைக்கு அக்கா தங்கை போலத்தான். அவசரத்தில் அண்ணி கவனிக்கவில்லை. ரசம் இறக்கிய பிறகு வீடே மருந்துக்கடை வாசனை. அதிலிருந்து கொத்தமல்லி, பச்சை மிளகாய், பத்து கிலோ அரிசி எல்லாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இலங்கைத் தமிழர் கடையில்தான். கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டால் மட்டும் அவர் சிரிப்பார்.

இப்போது எதிர்வீட்டு அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கேத்தரின் மில்க்மேன், டாட் ராஜர்ஸ், மேக்ஸ் பேசர்மேன் என்ற மூவர் அமெரிக்காவில் ஓர் இணைய மளிகைக் கடையின் ஆர்டர்களைத் தோண்டி 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆர்டருக்கும் டெலிவரிக்கும் நடுவில் எத்தனை நாள் கூடுகிறதோ, அந்த அளவுக்கு ஆட்கள் செலவழிப்பது குறைகிறது. காய்கறியின் பங்கு கூடுகிறது, ஐஸ்கிரீமின் பங்கு இறங்குகிறது. அடுத்த வாரம் சாப்பிடப்போகிறவன் வேறு ஆள், அவன் கீரை சாப்பிடட்டும் என்று இன்றைக்குப் பசியோடு இருப்பவன் தாராளமாக முடிவு செய்கிறான்.

அப்படியானால் நம் குரோம்பேட்டையில் பத்து நிமிடத்தில் வரும் மளிகையில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது? சீரியல் விளம்பர இடைவேளையில் நினைத்த சிப்ஸ், சீரியல் முடிவதற்குள் வாசலில். கூடை சின்னதாக இருந்தால் அதற்கொரு கட்டணம், கையாளும் கட்டணம், மழை பெய்தால் இன்னொன்று. அக்கா மாதம் ஒருமுறை பெரிய பட்டியல் போட்டு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கினால் மிச்சம் பிடித்திருப்பார், நம்பலாம். தினம் இரண்டு முறை பையன் படியேறி வருகிறான் என்றால் கணக்கு நோட்டைக் கேட்டுப் பார். இங்கேயும் 2021இல் கெட்டிர் என்ற துருக்கி நிறுவனம் ஊதா நிற ஸ்கூட்டர்களோடு லண்டனில் பறந்தது; 2024இல் நாட்டை விட்டே கிளம்பிவிட்டது. தள்ளுபடிக் கூப்பன்கள் இருந்தவரை அண்ணன்கூட அதன் ரசிகர்.

அந்த அமெரிக்க ஆராய்ச்சியை அண்ணியிடம் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். இப்போதெல்லாம் வியாழக்கிழமை வேனுக்குச் சனிக்கிழமையே பட்டியல் தயார்: முருங்கை இல்லாத குறைக்கு புரோக்கோலி, பாலக், ஓட்ஸ். ஆனால் பட்டியலை முந்தின இரவு வரை திருத்தலாம் என்று கடை ஒரு வசதி வைத்திருக்கிறது. புதன் இரவு பதினொரு மணிக்கு வேன் கட்சி தூங்கியதும் நடைக் கட்சி அண்ணியின் கைபேசியைத் திறக்கிறது. இந்த வாரம் ஓட்ஸ் போய் மாம்பழ ஐஸ்கிரீம் வந்திருக்கிறது. கூடை சரியாக 50 பவுண்டு 12 பென்னி. தண்டம் மிச்சம் என்கிறார் அண்ணன்.

உன் மகன்