‘கொஞ்சம் பொறுங்க’ மாமா

பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் போதும், மாமா காதுக்கு எப்படியோ எட்டிவிடும். தெருவுக்கு ஒரு மாமா இருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மடித்த தாள், தாள் நிறைய மாடல் எண்கள்.

“பொண்ணு என்ன படிக்கப் போறா?”

“பி.காம், சார்.”

“பஸ்ல தூக்கிட்டுப் போகணும், ஒண்ணரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. மேக்புக் ஏர் பாருங்க. உள்ளே ஃபேனே கிடையாது, மூச்சு விடாது.”

அப்பா மனசுக்குள் பி.எஃப். லோன் போட ஆரம்பிப்பார்.

“ஆனா டேலி அதுல நேரா ஓடாது. பி.காமுக்கு டேலி இல்லாம எப்படி?”

“அப்போ குரோம்புக்? விலை கம்மின்னாங்களே...”

“அதுலயும் ஓடாது.”

கதவோரம் நிற்கும் தம்பி இதுதான் சமயம் என்று, “கேமிங் லேப்டாப்ல எல்லாமே ஓடும்பா” என்பான்.

“ரெண்டரைக் கிலோடா! சார்ஜர் தனியா ஒரு செங்கல். பாட்டரி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்காது.”

திரையை மடக்கினால் டேப்லெட் ஆகும் ரகமோ, “கீல் போச்சுன்னா?” என்ற ஒரே கேள்வியில் அடிபட்டுப் போகும்.

மாமா சொல்வதில் எதுவும் தப்பில்லை, அதுதான் தொல்லை. ராமைப் போர்டோடு சால்டர் செய்திருந்தால் பிறகு கூட்ட முடியாது என்பார், உண்மை. ஐ5 என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாதே, எண்ணுக்குப் பின்னால் ‘யூ’வா ‘ஹெச்’சா பார் என்பார், அதுவும் உண்மை. 2023-இல் இன்டெல் அந்த ‘ஐ’யைக் கழற்றிவிட்டு ‘அல்ட்ரா’ என்று பெயர் வைத்ததை மட்டும் அவரால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பாவம், அத்தனையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்!

கடைசியில் எல்லாம் கூடிவந்து ஒரு மாடல் தேறும். அப்போது வரும் அந்த வாக்கியம்: “கொஞ்சம் பொறுங்க.” ஆடித் தள்ளுபடி வரட்டும், ஆயுத பூஜை ஆஃபர் வரட்டும், தீபாவளிக்குப் புது மாடல் இறங்கட்டும். இதற்குள் அந்தப் பெண் முதல் செமஸ்டரைத் தோழியின் லேப்டாப்பிலேயே முடித்திருப்பாள்.

மாமா வீட்டில் இருப்பது, மகன் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப். ‘எஸ்’ எழுத்து உதிர்ந்துவிட்டது. அவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் பி.காம் பிள்ளை இருந்தால் 8 ஜிபிக்குக் குறையாத ராமும் எஸ்எஸ்டியும் உள்ள, எடை குறைந்த விண்டோஸ் லேப்டாப்பாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். மாமாவிடம் பில் போட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.