ஏழுமலை, த/பெ. பெருமாள்

“அய்யா, உங்க பேரு ஏழுமலையா?” என்று டீ மாஸ்டர் கேட்டார்.

முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியர் வேலை பார்த்தவனை கீழ்பென்னாத்தூரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கு நான் ‘தமிழய்யா’. கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட ‘தமிழய்யா அவர்கள், கீழத்தெரு’ என்றுதான் எழுதுவார்கள். ஆதார் கார்டுக்கும் பென்ஷன் புத்தகத்துக்கும் மட்டும் தெரிந்த பேரை ஒருவர் டீக்கடையில் வைத்துக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“ஆமாம்ப்பா. ஏன்?”

“அப்ப உங்க பேர்லதான் வாரண்ட்” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீயை ஆற்றினார். சில்லிட்டுப்போனது நான்.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் வந்து ஏழுமலை வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஓர் அண்ணாமலைமேலோ அருணாசலத்தின்மேலோ விழும். தப்பிப் போனால் ஏழுமலைமேல் விழும். மலை தெரிகிற தூரத்தில் குடியிருப்பவர்கள் அண்ணாமலை என்று வைப்பது நியாயம். குலசாமி திருப்பதி என்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? என் தெருவில் மட்டும் நான்கு ஏழுமலை: நான், கொத்தனார், பால் சொசைட்டிக்காரர், யூ.கே.ஜி. படிக்கிற பையன் ஒருவன். இதில் நான் ஏழுமலை என்பது தெருவுக்கே தெரியாது. போலீஸ் கேட்டதும் தெரு மூன்று பேரைக் காட்டியிருக்கிறது. மூவரும் இல்லை என்றான பிறகுதான் யாரோ தபால்காரரைக் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “எதாவது பண்ணீங்களா?” என்று என் மனைவி கேட்டிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. “இன்னா பண்ணீங்க?” என்று கேட்டாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கிற தூரம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

உட்கார்ந்து என் குற்றங்களை எண்ணிப் பார்த்தேன். நூலகத்தில் எடுத்துத் திருப்பாத நிகண்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. ஒரு கார்த்திகை தீபத்தன்று ‘நுழையாதே’ என்று கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து போயிருக்கிறேன். ழகரம் வராத பையன்களின் காதைத் திருகியது கணக்கில் அடங்காது. அதற்கு வாரண்ட் என்றால் தமிழ்நாட்டில் தமிழாசிரியர் யாரும் வெளியே நடமாட முடியாது.

இதற்கு முன்பும் எனக்கு ஒரு வாரண்ட் வந்திருந்தது. செல்போனில். மும்பையிலிருந்து சி.பி.ஐ. என்று ஒருவர், “எஸுமலாய் ஜி” என்று ஆரம்பித்தார். என் பேரைப் பாலாடையாக்கிய முதல் அதிகாரி அவர்தான். என் பேரில் போன பார்சலில் போதைப்பொருளாம். வீடியோவை அணைக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். அதற்குப் பேர் டிஜிட்டல் அரெஸ்ட். பஞ்சாபில் பெரிய நூற்பாலை அதிபர் ஒருவருக்கு 2024-இல் இதே ஆட்கள் பொய் உச்ச நீதிமன்றத்தையே திரையில் நடத்திக்காட்டி 7 கோடி ரூபாயைக் கறந்தார்கள். என்னிடம் கறக்க ஒன்றுமில்லை என்பதால் அவருக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை விளக்க ஆரம்பித்தேன். ளகரத்தில் இருக்கும்போதே வைத்துவிட்டார். அப்படிப்பட்ட சட்டம் எதுவும் நாட்டில் கிடையாது, 1930-க்குப் போன் செய்தால் போதும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாரண்ட் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்க வேண்டும். பிடிக்க வருகிறவர் அதில் உள்ள விஷயத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும்.

வாரண்டுக்கு அரசுத் தமிழில் பிடியாணை என்று பேர். பத்திரிகைக்காரர்கள் பிடிவாரண்டு என்று எழுதி இரண்டு மொழிக்கும் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். நான் வகுப்பில் பிடி என்றால் பெண் யானை என்று நடத்தியவன். மூன்று சுழி போட்டால் ஜெயில், இரண்டு சுழி போட்டால் முதுமலை.

ஸ்டேஷனுக்கே நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாரண்ட் உள்ளவன் தானாகப் போய் “என்மேல் வாரண்ட் இருக்கிறதா?” என்று கேட்பது, புலியின் வாயைத் திறந்து பல் எத்தனை என்று எண்ணுவது மாதிரி. முதலில் தெரிந்துகொள்வோம் என்று டெக்சாசில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். “மாமா, இங்கெல்லாம் ஈஸி. நிறைய கவுண்டியில ஷெரீஃப் ஆபீஸ் தளத்துல பேரைப் போட்டா வாரண்ட் லிஸ்ட்டே வந்துடும். சில இடத்துல போட்டோவோட போட்டுருவாங்க” என்றான். நம் ஊரில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இருந்தால் டீக்கடைகளுக்கு வேலை ஏது?

நம்மிடம் இருப்பது ‘இ-கோர்ட்ஸ்’. பட்டியலுக்குப் பதிலாக வழக்கு வழக்காகப் பார்க்க வேண்டும். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் என்று தேர்ந்தெடுத்து, வாதி அல்லது பிரதிவாதி பேரைப் போட்டால் நிலவரம் வரும். கட்சிக்காரர் யார், அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில், ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. வாரண்ட் பிறப்பித்தால் அதுவும் அந்த வரிகளில்தான் ‘என்.பி.டபிள்யூ.’ என்று மூன்றெழுத்தில் ஒளிந்திருக்கும். ஜாமீனில் விட முடியாத வகை அது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. நம் மாநிலத்தில் அது டி.என். என்று தொடங்கும், வருஷத்தில் முடியும். அந்த எண் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தேவையில்லை. அந்த எண் தெரிந்தவன் எதற்குத் தேடப்போகிறான்?

பேர் என்ற கட்டத்தில் கையை வைத்தேன். ஆங்கிலத்தில் போட வேண்டும். முதலில் ஆதாரில் உள்ளபடி இசட்-எச் போட்டேன். பிறகு வரிசையாக எல் போட்டேன், இசட் மட்டும் போட்டேன், முன்னால் ஒரு ஒய் சேர்த்து ‘யேலுமலை’ ஆனேன். எல்லா எழுத்திலும் ஆள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து ஏழுமலைகள் எழுத்துக்கு எழுத்து தனித்தனி வழக்கில் இருக்கிறார்கள்: செக் திரும்பியவர், வரப்புத் தகராறு, விவாகரத்து, மணல் வண்டி. நம் சமூகத்தில் இத்தனை பேர் கஷ்டப்படுகிறார்களே என்று எனக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. ஆளை விடுங்கள், ஊர்ப் பேருக்கே ஆங்கிலத்தில் எழுத்து நிலைக்கவில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது; ஒரே வாரத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. நான் அந்த வாரம் முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன்.

பேருக்குப் பக்கத்தில் வருஷம் கேட்டது. வழக்குப் பதிவான வருஷம். எந்த வருஷம் குற்றம் செய்தாய் என்று என்னையே கேட்டால் நான் யாரைக் கேட்பேன்? ரிடையர் ஆன வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். ஒவ்வொரு தடவையும் கோணல்மாணலாக ஆறு எழுத்தைக் காட்டி, நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்லும். என் கண்ணாடி பழசு. பல தடவை நிரூபிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பேர். ஒரு தமிழாசிரியன் அதை ஐந்து முறை சொன்னால் அதுவே அரைத் தண்டனை. பழசோ புதுசோ, ஒரு விஷயத்தில் மாற்றமில்லை. வாரண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. நிறைவேற்ற வேண்டும், அல்லது பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்ய வேண்டும். அதுவரை உயிரோடு இருக்கும். வாரண்டுக்கும் சிக்காமல் ஆள் தலைமறைவு என்று கோர்ட் கருதினால், ஆஜராக 30 நாளுக்குக் குறையாத கெடு வைத்து ஓர் அறிவிப்பு வரும். அதை ஊரில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வாசிக்க வேண்டும், அவன் வீட்டில் ஒட்ட வேண்டும், கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். இன்டர்நெட்டுக்கு எத்தனையோ காலம் முந்திய பொதுப் பதிவேடு அதுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் என் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். ‘இட்லி மாவு கிடைக்கும்’ என்று ஒன்று, கண்ணீர் அஞ்சலி ஒன்று. கண்ணீர் அஞ்சலியை நன்றாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். நானில்லை.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்து, திருவண்ணாமலையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் பழைய மாணவனைத் தேடிப் போனேன். ‘வாழைப்பழம்’ என்று நூறு தடவை என்னிடம் எழுதியவன். கோர்ட் வாசல் மரத்தடியில் இரண்டு கையிலும் கேஸ் கட்டோடு நின்றான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்.

“அய்யா, நீங்க எங்கியாவது சாட்சி சொன்னீங்களா?”

அப்போதுதான் உறைத்தது. 2019-இல் செஞ்சி ரோட்டில், திருவண்ணாமலையை நெருங்கும் இடத்தில், மல்லாட்டை மூட்டையோடு போன டி.வி.எஸ். 50-ஐ ஒரு மினி லாரி தட்டிவிட்டது. ஓட்டி வந்தவருக்குக் கால் முறிவு. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, சிதறின மல்லாட்டையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லச்சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானாகப் போய், “எழுதிக்கோங்க. ஏழுமலை, த/பெ. பெருமாள். ழ, சிறப்பு ழகரம்” என்று சொன்னேன்.

“அதான் அய்யா. நீங்க மூணு நாளா எதிரிங்க பேர்ல தேடிக்கிட்டு இருந்திருக்கீங்க. சாட்சி பேரு அந்தத் தேடல்ல வராது. குற்ற எண் இருக்குதா?”

வாக்குமூலம் கொடுத்த அன்று குறித்துக்கொண்ட துண்டுச்சீட்டு என் பர்ஸில் திருப்பதி லட்டுக் கவர் மடிப்புக்குள் இருந்தது. முதல் தகவல் அறிக்கை எண், வருஷம், ஸ்டேஷன் என்று மூன்றையும் அதே தளத்தில் வேறொரு கட்டத்தில் போட்டான். பேர் கேட்கவில்லை, எழுத்து கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் வழக்கு வந்துவிட்டது. இரண்டாம் சாட்சிக்குப் பெயிலபிள் வாரண்ட்.

“பயப்படாதீங்க அய்யா, ஜாமீன்ல விடற வாரண்ட்தான். வாய்தா அன்னிக்கு வந்து நின்னா கேன்சல் பண்ணிடுவாங்க. ஆனா சம்மன் வந்துச்சே, ஏன் வரலை?”

சம்மன் வந்திருக்கிறது. கீழத்தெருவில் ஏழுமலை யார் என்று கேட்டு வந்தவருக்கு கொத்தனாரைக் காட்டியிருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். பொய்க் கையெழுத்தும் இல்லை. அவர் பேரும் ஏழுமலைதான். லோன் நோட்டீஸ் என்று நினைத்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டாராம். “படிச்சுப் பாக்கலியா?” என்றேன். “நீங்கதான தமிழய்யா, நான் எங்க படிச்சேன்?” என்றார். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஃபெயிலானவர்.

வாய்தா அன்று குமாஸ்தா என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, “அய்யா, டவாலி எப்படிக் கூப்பிட்டாலும் எழுந்துடுங்க. ழ வரட்டும்னு காத்திருக்காதீங்க. மூணு தடவைதான் கூப்பிடுவாங்க” என்று எச்சரித்தான். சரி என்று தலையாட்டினேன். முப்பத்தோரு வருஷக் கொள்கை, ஒரு நாளைக்குப் போனால் போகட்டும்.

பதினொன்றரைக்குக் குரல் வந்தது. “ஏலுமல!”

முதல் அழைப்பிலேயே எழுந்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவர் எழுந்தார். தூணுக்குப் பின்னால் பீடியை அணைத்துவிட்டு இன்னொருவர் வந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டவாலி கையிலிருந்த தாளைப் பார்த்தார். “தகப்பனார் பேரு பெருமாள், யாரு?”

தூணுக்குப் பின்னால் இருந்து வந்தவர் திரும்பிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.