ஓக் இலையில் ஒண்டுக்குடித்தனம்

கேள்வி: பிரிட்டனில் ஓக் இலையைத் தின்னும் சின்னஞ்சிறு அந்துப்பூச்சியை எவ்வாறு இனங்கண்டு பதிவு செய்கிறார்கள்?

பதில்: பூச்சியைத் துரத்துவானேன், வீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாமே! இலையின் இரு தோல்களுக்கிடையே குடிபுகுந்து, மேற்புறத்தில் வெண்ணிறக் கொப்புளமும் அதனுள்ளே வட்டமான பட்டு அறையும் சமைத்துக்கொள்ளும் புழு, டிஷேரியா எகெபிளாடெல்லா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடிப்புறத்தில் வாசம் செய்யும் ஃபில்லோனோரிக்டர் வம்சத்தாரோ ஒருவரையொருவர் உரித்துவைத்தாற்போல் இருப்பதால், சில சமயம் அவர்களுடைய ஜனனேந்திரியத்தைச் சூக்ஷ்மதர்சினியில் பரிசோதித்த பிறகே நாமகரணம் நடைபெறும். அப்பால், இடம், தேதி, கண்டவர் பெயர் ஆகிய விவரங்களோடு, தாவர சாஸ்திரி வாட்சன் 1852-இல் வகுத்த 112 வட்டாரங்களுள் உரியதில் அது பிரஜையாகப் பதிவாகிவிடும். வரி விதிக்கத்தான் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.