இரண்டே நாளில் மரத்தரை

முதலில் டைல்ஸ் மீது வெறுப்பு வரவேண்டும். அது தானாக வராது. நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் கால் வைத்ததும் வந்துவிடும். சென்னை வெயிலில் சில்லென்ற தரையை வேண்டாம் என்று நினைக்கிறீர்களா? தயாராகிவிட்டீர்கள். கடைக்குக் கிளம்பலாம்.

‘என்ஜினியர்டு வுட்’ என்று கேளுங்கள். மேலே சில மி.மீ. தடிமனுக்குத்தான் நிஜத் தேக்கோ ஓக்கோ இருக்கும். அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். அப்படி ஒட்டியிருப்பதால் முழு மரப்பலகையைவிடக் குறைவாகவே விரியும், சுருங்கும். ‘குறைவாக’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் அடிக்கோடிடவில்லை. வெட்டுக்கழிவுக்கென்று 10 சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள். நான் 20 வாங்கினேன்.

பலகைப் பெட்டிகளை, தரை போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் கிடத்தி வையுங்கள். அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழகவேண்டுமாம். வீட்டுக்கு வந்த மருமகளுக்குக்கூட நாம் அவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை.

அடுத்து ரசமட்டம். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடுபள்ளம் கூடாது. எங்கள் ஹாலில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு பல்லி சாவகாசமாகப் போய்வந்தது. ஃபோம் ஷீட் விரித்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. விரியுங்கள்.

பலகையின் நாக்கை அடுத்ததன் காடியில் செருகி, ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டவேண்டும். சுத்தியலால் நேரே தட்டினால் நாக்கு போய்விடும். பலகையின் நாக்கைச் சொல்கிறேன். செங்கல் வரிசைபோல மூட்டுகள் ஓரடி தள்ளித் தள்ளி வரட்டும்.

சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விடவேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஸ்கர்ட்டிங் அடித்தால் மறைந்துவிடும். ஸ்கர்ட்டிங் அடிப்பவர் நாலு நாளில் வருகிறேன் என்றார், வரவில்லை. கரப்பான்பூச்சிக்கு இடம் கொடுப்பானேன் என்று நான் ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்தேன். நாலு சுவரோரமும், ஒரு பிசிறில்லாமல். அவ்வளவு நேர்த்தியான வேலையை என் ஆயுளில் செய்ததில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஈரம் குடித்த பலகைகள் விரிந்தன. விரிந்தவற்றுக்குப் போக இடமில்லை. ஒரு நாள் காலை ஹாலின் நடுவே தரை பூரி மாதிரி எழும்பி நின்றது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, அடியில யாரையாவது பொதைச்சு வச்சிருக்கியா?” என்றாள். நன்றாகப் பிழிந்த துணியால்தான் துடைக்கவேண்டும் என்று அவளிடம் சொல்லவும் மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

பிரித்தெடுத்ததும் அடியில் பழைய டைல்ஸ் பளபளவென்று கிடந்தது. பிரிக்காத இரண்டு பெட்டிகள் கட்டிலடியில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வேன் வாடகை உங்களுடையது.