கடற்கரையில் 11 மாதம்

கேள்வி: மனைவிக்குக் கல்பாக்கத்தில் ஒரு வருட வேலை. மாமல்லபுரத்தில் வீடு பார்க்கிறோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. (ஈரோடு வாசகர்)

பதில்: உங்களுக்குக் கடல் தெரிந்தால், கடலுக்கும் உங்கள் ஃபிரிட்ஜ் தெரியும். நாங்களும் இங்கே வாடகைக்கு இருப்பவர்கள்தான். அலை உடையும்போது தெறிக்கிற உப்புத்துளி காற்றிலேறி நேரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். வந்ததும் தேடுவது இரும்பைத்தான்: கதவுக் கீல், கேஸ் அடுப்பின் கால், பீரோ சாவி. வெள்ளை ரவிக்கையில் ஊக்கைக் குத்தி வைத்துவிட்டு மறந்துபோங்கள், எடுக்கும்போது பழுப்பாக ஒரு பொட்டு இருக்கும். ஏசி இருந்தால் வெளி யூனிட்டை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். புது வாஷிங் மெஷினை ஊரிலேயே மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, பழையதோடு வாருங்கள். வீட்டைக் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பிடியுங்கள். அலைச் சத்தம் அங்கேயும் வரும். வாடகை கொஞ்சம் இறங்கி வரும்.

கேள்வி: அதென்ன, ஒப்பந்தம் என்றால் எல்லோரும் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள்? 12-வது மாதம் தீட்டா? (திருச்சி வாசகி)

பதில்: பதிவுச் செலவுதான் தீட்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதற்குக் கீழே நின்றுகொள்ள வந்த வழக்கம் இது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் எழுத்தில் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. 11 மட்டும் அசையவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே சுவர்ப் பூஞ்சையையும் ஜன்னல் கம்பித் துருவையும் போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது கடல் செய்த சேதமெல்லாம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

கேள்வி: போர் தண்ணீர் எப்படி இருக்கும்? (சேலம் வாசகி)

பதில்: சோப்பைக் கேளுங்கள். நுரைக்க மறுத்தால் அதுதான் பதில். மணலுக்கடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். வீடு பார்க்கப் போகும்போதே குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். புரோக்கர் முகம் மாறினால் மாறட்டும். குடிக்க கேன்தான். வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் போவது சென்னைக்கு. கடல் நம் வாசலில், குழாய் அவர்கள் வீட்டில்.

கேள்வி: அமைதியான ஊர்தானே? எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். (கோவை வாசகர்)

பதில்: கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. காலையில் உளி, அப்புறம் கல்லறுக்கும் மெஷின். மீட்டிங்கில் மேனேஜர், ‘உங்கள் வீட்டில் என்ன வேலை நடக்கிறது?’ என்பார். ‘பிள்ளையார்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் வஞ்சிரம் கிடைக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: சம்பளமும் தினமும் கிடைத்தால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது நாட்டுப்படகு கரையோரத்தில் பிடித்து வருவதுதான் குழம்புக்கு. காலையிலேயே போய், வலையிலிருந்து மீன் கழற்றும் இடத்தில் நில்லுங்கள். சங்கராவோ நெத்திலியோ, வந்ததை வாங்குங்கள். விலை பேசலாம், தப்பில்லை. ‘ஃபிரெஷ்ஷா அக்கா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். துள்ளுகிற மீனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அக்கா பார்க்கிற பார்வை இருக்கிறதே!

கேள்வி: பையனுக்கு 9 வயது. கடலில் இறங்க விடலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: இதற்கு மட்டும் கிண்டல் இல்லை. முழங்காலுக்கு மேல் வேண்டாம், அதுவும் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், குளிக்க வசதியாகத் தெரியும். கரையேறிய தண்ணீரெல்லாம் ஒன்றுசேர்ந்து கடலுக்குள் திரும்பும் பாதை பெரும்பாலும் அதுதான். நல்ல நீச்சல்காரரையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். படகு தள்ளுகிறவர் ‘இன்னிக்கு வேணாம் சார்’ என்றால் அன்றைக்கு வேண்டாம்.

கேள்வி: மாடி விளக்கை ராத்திரியில் அணைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கரன்ட் பில் நான்தானே கட்டுகிறேன்? (கடற்கரைக்குப் புதிதாகக் குடிவந்தவர்)

பதில்: அணையுங்கள். ஜனவரி தொட்டு, பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம். பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நினைத்து நடக்கும். உங்கள் மாடி அதற்கு வங்காள விரிகுடா.

கேள்வி: சொந்தக்காரர்கள் வந்து குவிவார்களாமே. எத்தனை பாய் வாங்கி வைப்பது? (மறுபடியும் ஈரோடு வாசகர்)

பதில்: சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ.தான், ‘சும்மா இந்தப் பக்கம் வந்தோம்’ என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்பார்கள். மே மாத லீவுக்கும் நாட்டிய விழா சீசனுக்கும் சேர்த்து ஆறு கோரைப் பாய் போதும். மெத்தை வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும் என்பது ஒரு காரணம். மெத்தையில் படுத்தவர்கள் திங்கட்கிழமை எழுந்து கிளம்ப மாட்டார்கள் என்பது இன்னொன்று.