அரிதாளுக்குள் ஆள் இருக்கிறது!

தஞ்சாவூர்ப் பக்கம் தை அறுவடை முடிந்தும் வயலைச் சுத்தம் செய்யாமல் அப்படியே போட்டு வைத்திருக்கிறார்களே, சோம்பலா?

ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தீர்களா? இறங்கிக் குனிந்து பாருங்கள். அரிதாளுக்கு நடுவே இரண்டிலை விட்டு உளுந்து நிற்கும். சம்பா அறுபடுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, கதிர் நிற்கும்போதே, ஈர மண்ணில் விதையைத் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும் போதும். நெல் தரிசுக்கு ஏற்ற ‘ஆடுதுறை 3’ ரகம் 70, 75 நாளில் விளைந்துவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். டெல்டாவில் வயல் ஓய்வெடுக்கும்போதும் சம்பளம் வாங்கும்!

அரிதாளைக் கொளுத்திவிட்டால் வேலை சுலபமாகுமே?

அப்புறம் இட்லிக்கு எதை ஊறப்போடுவீர்கள்?

அறுவடை இயந்திரம் ஓடிய தடத்திலேயே முளைகள் நிறைய நசுங்கிவிடுகின்றன. அதற்குத் தப்பியதற்கும் தீ வைக்காதீர்கள். மாசி முடியும்வரையாவது வயலில் பார்த்துக் கால் வையுங்கள்.